திருகுகள்ளிக்கு இலை உண்டா, பூ உண்டா?

தாத்தா காலத்தில் தோட்டத்துக்குப் போட்ட திருகுகள்ளி வேலி இன்றும் நிற்கிறது என்று எழுதி, அதைப் பற்றி நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். இலையே இல்லாத செடி எதைக் கொண்டு உணவு தயாரிக்கிறது. இத்தனை ஆண்டுகளில் ஒரு காயைக்கூடப் பார்த்ததில்லையே, ஏன். இது கேக்டஸ் இனமா. பால் கண்ணில் தெறித்தால் பார்வை போய்விடும் என்பது உண்மையா. நான்கும் தனித்தனிக் கேள்விகள் போலத் தோன்றினாலும், இந்தச் செடியின் தண்டைச் சரியாகப் புரிந்துகொண்டால் பெரும்பாலானவற்றுக்கு விடை கிடைத்துவிடும். இலை செய்ய வேண்டிய வேலையையும், விதை செய்ய வேண்டிய வேலையையும், முள் செய்ய வேண்டிய வேலையையும் தண்டே எடுத்துக்கொண்ட செடி இது.

முதலில் ஒரு திருத்தம். திருகுகள்ளிக்கு இலை உண்டு. ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருக்கும் நாட்களில் வேலியருகே சென்று, புதிதாக நீண்டிருக்கும் வெளிர்பச்சைக் குச்சிகளின் நுனியை மட்டும் உற்றுப் பாருங்கள். ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளமும் ஒன்றரை அல்லது இரண்டு மில்லிமீட்டர் அகலமும் உள்ள ஒடுங்கிய இலைகள் ஒன்று மாற்றி ஒன்றாக ஒட்டிக்கொண்டிருக்கும். காம்பு என்று சொல்லத்தக்க எதுவும் இராது. விரல் பட்டாலே உதிரும் அளவுக்கு அவை பலவீனமானவை. மழை நின்று மண் உலரத் தொடங்கியதும் தாமாகவே உதிர்ந்துவிடும். உதிர்ந்த இடத்தில் ஒரு சிறு தழும்பு மட்டும் எஞ்சும். ஆண்டில் பெரும்பகுதி நாம் காண்பது இலையுதிர்ந்த நிலையைத்தான். அதனால்தான் இலையில்லாச் செடி என்ற பெயர் இதற்கு நிலைத்துவிட்டது.

அந்தக் குச்சிகள் பென்சில் பருமனில் உருண்டையாக, வழுவழுப்பாக, முள் ஏதுமின்றி இருக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் நீளவாக்கில் மிக மெல்லிய வரிப்பள்ளங்கள் ஓடுவது தெரியும். ஒரு குச்சி சற்று வளர்ந்து நின்றதும், அதன் நுனியைச் சுற்றி நான்கைந்து குச்சிகள் ஒரே இடத்திலிருந்து கிளம்பும். அவை ஒவ்வொன்றும் அப்படியே மறுபடி கிளைக்கும். இப்படியே போய், தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு ஒரு விளக்குமாற்றைத் தலைகீழாக நட்டதுபோலப் புதர் அமைந்துவிடுகிறது. பொதுவாக ஆள் உயரத்தைத் தாண்டி மூன்று முதல் ஐந்து மீட்டர் வரை வளரும். வெட்டாமல் விட்டால் பழுப்புப் பட்டையுடன் தடித்த அடிமரம் வைத்துச் சிறு மரமாகவே ஆகிவிடும். ஆனால் அடிமரம் எவ்வளவு தடித்தாலும் நுனிக்குச்சிகள் பச்சையாகவே இருக்கும். இலைகள் செய்யும் ஒளிச்சேர்க்கையை இந்தப் பச்சைத் தோல்தான் செய்கிறது. மேல்தோலுக்கு மேலே மெழுகுப் பூச்சு, அதன் கீழே பச்சையம் நிறைந்த திசு, உள்ளே நீரைத் தேக்கி வைக்கும் சதைப்பற்றான பகுதி என்பது இதன் கட்டமைப்பு.

இந்தத் தண்டு ஒளிச்சேர்க்கை செய்யும் முறைதான் இன்னும் சுவையானது. வேம்பும் நெல்லும் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை உள்ளிழுக்கின்றன. அப்போது கூடவே நீராவியும் வெளியேறிவிடுகிறது. திருகுகள்ளியின் தண்டு அந்தத் துளைகளை இரவின் குளிர்ச்சியில் திறக்கிறது. உள்ளே வந்த வாயுவை மாலிக் அமிலமாக மாற்றிச் செல்களில் சேமித்துக்கொண்டு, விடிந்ததும் துளைகளை மூடிவிடுகிறது. பகல் முழுவதும் அந்த அமிலத்திலிருந்தே கரியமில வாயுவைச் சிறிது சிறிதாக வெளியேற்றி, வெயிலின் துணையோடு சர்க்கரை தயாரிக்கிறது. அதே செடியின் சிறு இலைகளோ வேம்பைப் போலப் பகலில் வேலை செய்யும் வழக்கமான முறையைப் பின்பற்றுகின்றன. மழையுள்ள சில வாரங்களுக்கு இலை, மழையற்ற மாதங்களுக்குத் தண்டு என்று ஒரே உடலில் இரண்டு ஏற்பாடுகள் இருப்பது இந்தச் செடியின் மிக நுட்பமான கூறு என்று நான் கருதுகிறேன்.

இந்த இரவுமுறை அறிவியல் உலகின் கவனத்துக்கு வந்ததில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. தரங்கம்பாடியில் மதப்பணிக்காக வந்து, பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் அரசில் தாவரவியலாளராகப் பணியாற்றிய பெஞ்சமின் ஹைன், நாம் ரணகள்ளி என்று அழைக்கும் செடியின் இலை காலையில் புளிப்பாகவும் நண்பகலில் சுவையற்றும் இருப்பதைக் கவனித்து 1813-இல் எழுதி அனுப்பினார். இரவில் சேர்ந்த அமிலம் பகலில் செலவாவதைத்தான் அவருடைய நாக்கு கண்டுபிடித்திருந்தது. ரணகள்ளி பெயரளவில்தான் கள்ளி. அது வேறு குடும்பம், பால் இல்லாதது. அவர் செய்த சோதனையைத் திருகுகள்ளியில் யாரும் செய்து பார்க்க வேண்டாம்.

இங்கேயே கேக்டஸ் கேள்விக்கும் வந்துவிடலாம். தமிழில் ‘கள்ளி’ என்பது ஒரு குடும்பத்தின் பெயரன்று. வறண்ட நிலத்தில் சதைப்பற்றோடு நிற்கும் பலவற்றுக்கும் நாம் வழங்கும் பொதுப்பெயர். சப்பாத்திக்கள்ளி மெய்யான கேக்டஸ். அது அமெரிக்காவிலிருந்து வந்தது. திருகுகள்ளி, சதுரக்கள்ளி, இலைக்கள்ளி ஆகியவை ஆமணக்கின் குடும்பத்தைச் சேர்ந்த யூஃபோர்பியா பேரினத்தவை. பிரித்தறிய எளிய வழி உண்டு. கேக்டஸின் முட்கள் பஞ்சு போன்ற ஒரு சிறு திட்டிலிருந்து கொத்தாகக் கிளம்பும்; அத்தகைய திட்டு யூஃபோர்பியாக்களில் கிடையாது. சதுரக்கள்ளியில் முட்கள் இரண்டிரண்டாக நிற்கும். திருகுகள்ளியில் முள்ளே இல்லை. யூஃபோர்பியாவை எங்கே கீறினாலும் வெள்ளைப் பால் வடியும், சப்பாத்திக்கள்ளியில் வடியாது. தொலைவான இரு குடும்பங்கள் ஒரே மாதிரியான வறட்சியைச் சமாளிக்கப் போய் ஒரே மாதிரியான உடலைப் பெற்றுவிட்டன. மறுபுறம், உங்கள் வாசலில் கல்லிடுக்கில் படர்ந்து கிடக்கும் அம்மான்பச்சரிசி சதைப்பற்றே இல்லாத பூண்டாக இருந்தும் திருகுகள்ளியின் பேரினத்தையே சேர்ந்தது. கிள்ளினால் பால் வருவது அந்த உறவின் அடையாளங்களுள் ஒன்று. பூ அதைவிடப் பெரிய அடையாளம்.

அந்தப் பூவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். குச்சிகளின் நுனியில் சில மில்லிமீட்டர் அளவில் மஞ்சள் நிறப் பொட்டுகள் நெருக்கமாகத் தோன்றும். பலர் அதைத் துளிர் என்று நினைத்துக் கடந்துவிடுவார்கள்; உங்கள் கண்ணிலும் பூ படாமல் போயிருந்தால் இதுவே காரணமாக இருக்கலாம். அந்தப் பொட்டுகளில் ஒன்றைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், ஒரு சிறு கிண்ணமும் அதன் விளிம்பில் ஐந்து மஞ்சள் சுரப்பிகளும் தெரியும். சுரப்பிகளில் தேன் திறந்த நிலையில் பளபளக்கும். ஈ, தேனீ, குளவி, எறும்பு என எதற்கும் அது எட்டும். ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் இந்தக் கிண்ணத்தை ஒரே பூ என்று எண்ணி, உள்ளே நிற்கும் மகரந்தத்தாள்களின் எண்ணிக்கையை வைத்துப் பன்னிரு தாள் வகுப்பில் சேர்த்தார். உண்மையில் அது ஒரு பூவன்று. ஒரு பூங்கொத்து முழுவதும் சுருங்கி ஒரே பூவைப் போல வேடமிட்டிருக்கிறது. பாடநூல்களில் இதைச் சயாத்தியம் என்பார்கள். உள்ளே நிற்கும் ஒவ்வொரு மகரந்தத்தாளும் தனி ஆண்பூ. இதழையும் புல்லியையும் முற்றாக இழந்து, ஒரே ஒரு தாளாகக் குறைந்துபோன பூ. நடுவில் காம்பின் மேல் நிற்கும் சூலகம் தனிப் பெண்பூ.

தாள் ஒவ்வொன்றும் ஒரு பூ என்பதற்கு என்ன ஆதாரம் என்று நீங்கள் கேட்கலாம். ஒவ்வொரு தாளின் நடுவிலும் ஒரு மூட்டு இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்துத் தாவரவியலாளர் ராபர்ட் பிரவுன் இந்த மூட்டைச் சுட்டிக்காட்டி, அதற்குக் கீழே உள்ளது பூக்காம்பு, மேலே உள்ளதுதான் மகரந்தத்தாளின் இழை என்று விளக்கினார். பூ உதிரும்போது அந்த மூட்டிலேயே முறிந்து விழுவதும், அன்தோஸ்டெமா என்ற உறவுப் பேரினத்தில் அதே மூட்டின்மேல் சிறு புல்லிவட்டம் எஞ்சியிருப்பதும் அவருடைய விளக்கத்தை உறுதிப்படுத்துகின்றன. இத்தனை சிறிய ஒரு மூட்டை வைத்து இவ்வளவு பெரிய முடிவுக்கு வந்தது தாவர உருவவியலில் எனக்கு மிகவும் பிடித்த வாதங்களுள் ஒன்று.

பெரும்பாலான யூஃபோர்பியாக்களில் ஒரே கிண்ணத்தில் நடுவே பெண்பூவும் சுற்றிலும் ஆண்பூக்களும் இருக்கும். திருகுகள்ளி இதில் மாறுபடுகிறது. பனையைப் போல இதிலும் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. ஆண் செடியின் கிண்ணத்தில் தாள்கள் மட்டும் நிற்கும்; நடுவில் வளராமல் நின்றுபோன சூலகத்தின் சுவடு சில வேளைகளில் தெரியும். பெண் செடியின் கிண்ணத்திலிருந்து சூலகம் காம்போடு வெளியே நீண்டு, மூன்று சூல்தண்டுகளை விரித்து நிற்கும். எப்போதாவது ஆண் செடியில் ஓரிரு பெண்பூக்கள் தோன்றுவதும் உண்டு.

இனி உங்கள் வேலி காய்க்காததற்கு வருவோம். திருகுகள்ளி வேலியை யாரும் விதையிட்டு வளர்ப்பதில்லை. வளர்ந்த புதரிலிருந்து கிளைகளை வெட்டி, வெட்டுவாயில் பால் உலர்ந்து தோல் கட்டும்வரை சில நாள் நிழலில் போட்டுவிட்டு, வரிசையாக நட்டுவிடுவார்கள். உங்கள் தாத்தாவும் பெரும்பாலும் ஒரே புதரிலிருந்து வெட்டித்தான் நட்டிருப்பார். அப்படியானால் நூறு அடி நீள வேலியாக இருந்தாலும் அது ஒரே செடிதான். முழுவதும் ஆணாக இருக்கும், அல்லது முழுவதும் பெண்ணாக இருக்கும். அக்கம்பக்கத்தார் உங்கள் வேலியிலிருந்தே கிளை வாங்கி நட்டிருந்தால் அந்த ஊரே ஒரு பாலாக இருக்கும். மகரந்தம் கிடைக்காத பெண்ணும் சூலகம் இல்லாத ஆணும் காய்க்க வழியில்லை. அடுத்த முறை பூக்கும்போது ஒரு நுனியைப் பூதக்கண்ணாடியில் பார்த்து உங்கள் வேலி எந்தப் பால் என்று தெரிந்துகொள்ளுங்கள். மற்றொரு பாலைச் சேர்ந்த புதரிலிருந்து ஒரு கிளை கொண்டுவந்து நட்டால் காய் பிடிக்க வாய்ப்பு உண்டு. காய் ஆமணக்குக் காயைப் போலவே மூன்று பகுதிகளாக அமைந்தது, ஆனால் எட்டு மில்லிமீட்டர் அளவே இருக்கும், மென்மயிர் போர்த்தியிருக்கும். முற்றி உலர்ந்ததும் மூன்றாக வெடித்து விதைகளைத் தெறிக்கவிடும். விதை மூன்றரை மில்லிமீட்டர் நீளத்தில், வழுவழுப்பாக, வெளிர் நிறத்தின்மேல் பழுப்புப் புள்ளிகளோடு இருக்கும். தலையில் சிறு விதைமுண்டு உண்டு.

பெயரின் கதையும் அறியத்தக்கது. இதன் அறிவியல் பெயர் யூஃபோர்பியா திருக்கள்ளி. மலபாரில் டச்சுக்காரர்களின் ஆளுநராக இருந்த ஹென்றிக் வான் ரீடே, இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர் உள்ளிட்ட உள்ளூர் அறிஞர்களின் துணையோடு தொகுத்த ‘ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்’ 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. அதில் இந்தச் செடி படத்தோடும் ‘திருக்கள்ளி’ என்ற மலையாளப் பெயரோடும் இடம்பெற்றது. 1753-இல் லின்னேயஸ் தாவரங்களுக்கு இரட்டைப் பெயர் சூட்டியபோது, அந்தப் பெயரை லத்தீன் விகுதிகூடச் சேர்க்காமல் அப்படியே சிற்றினப் பெயராக எடுத்துக்கொண்டார். அதே ஆண்டில் நம் சதுரக்கள்ளிக்கு ‘பண்டையோருடையது’ என்று பொருள்படும் பெயரை வைத்தார். பழங்கால ஐரோப்பிய வைத்தியர்கள் பயன்படுத்திய கள்ளிப்பிசின் அதிலிருந்துதான் வந்தது என்று அவர் நம்பினார். அந்தப் பிசின் உண்மையில் மொராக்கோவில் வளரும் வேறொரு கள்ளியினுடையது. சதுரக்கள்ளி இந்தத் தவறான பெயரைச் சுமந்துகொண்டே இருக்கிறது.

நம் மொழிப் பெயர் உலகப்பெயராகிவிட்டதால் திருகுகள்ளி நம் மண்ணுக்குரியது என்று எண்ணத் தோன்றும். அதன் தாயகம் ஆப்பிரிக்காவின் கிழக்கு, தெற்குப் பகுதிகளின் வறண்ட புதர்க்காடுகள். பென்சில் தண்டு கொண்ட இதன் நெருங்கிய உறவினங்களில் பெரும்பாலானவை மடகாஸ்கரில் வளர்கின்றன. சதுரக்கள்ளியைப் போல நம் குன்றுகளிலும் பாறைச் சரிவுகளிலும் காட்டுச்செடியாக இதைக் காண முடிவதில்லை, வேலியிலும் பழைய குடியிருப்பை ஒட்டிய புறம்போக்கிலும்தான் காண்கிறோம். ஆகவே சங்கப் பாடல்களில் பாலை வழியிலும் சுடுகாட்டிலும் வரும் கள்ளியைச் சதுரக்கள்ளி வகை என்று கொள்வதே பொருத்தம் என்பது என் கருத்து. ஆப்பிரிக்காவிலும் இது வேலிச்செடியே. தான்சானியாவிலுள்ள மான்யாரா ஏரியின் பெயர், மாசாய் மக்கள் தங்கள் மாட்டுப்பட்டியைச் சுற்றி நடும் இந்தக் கள்ளிக்கு வழங்கும் ‘எமன்யாரா’ என்ற சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். முள்ளில்லாத ஒரு செடி, ஆட்டையும் மாட்டையும் எப்படித் தடுக்கிறது என்று கேட்டால், விடை பாலில் இருக்கிறது.

அந்தப் பால் தண்டுக்குள் வெறுமனே நிரம்பிக் கிடப்பதில்லை. விதைக்குள் கரு உருவாகும் போதே சில தனிச் செல்கள் இதற்கென ஒதுக்கப்படுகின்றன. அவை குறுக்குச் சுவர் எழுப்பாமல், செடி வளர வளரத் தாமும் நீண்டும் கிளைத்தும், மற்ற செல்களுக்கு இடையே நுழைந்தும் பால்குழல்களாக உடல் முழுவதும் பரவுகின்றன. எனவே ஒரு குழல் என்பது பல உட்கருக்களைக் கொண்ட ஒற்றைச் செல். ஒரு குச்சியை ஒடித்தவுடன் பால் அவ்வளவு வேகமாகப் பீறிடுவதற்கு, இடைச்சுவர் இல்லாத அந்தக் குழல்களில் இருக்கும் அழுத்தமே காரணம். நுண்ணோக்கியில் பார்த்தால் யூஃபோர்பியாப் பாலில் தொடையெலும்பைப் போல இரு முனையும் தடித்த மாவுமணிகள் மிதக்கும். ரப்பர் சிறிதளவும் பிசின் பேரளவும் இருக்கும். யூஃபால், திருக்கல்லால் என்ற சேர்மங்களும் உண்டு. இரண்டாவது இந்தச் செடியின் பெயரையே பெற்றது. தீங்கு செய்பவை ஃபார்பால், இன்ஜெனால் வகை எஸ்டர்கள் என்ற சேர்மங்கள். தோலில் பட்டால் எரிச்சலும் கொப்புளமும், விழுங்கினால் வாய் முதல் குடல் வரை புண்ணும் உண்டாவது இவற்றால்தான். கள்ளிப்பால் என்ற சொல்லைக் கேட்டதும் தமிழ்நாட்டில் பெண்சிசுக்கொலை நினைவுக்கு வருவதன் பின்னால் இருப்பதும் இந்த நஞ்சுதான்.

கண்ணைப் பற்றிய அச்சம் நியாயமானது. ஆனால் பார்வை போய்த்தான் தீரும் என்பதில்லை. பால் பட்டதும் கடும் எரிச்சல் தொடங்கும். அடுத்த சில மணிநேரங்களில் வலி கூடி, இமை வீங்கி, கருவிழியின் மேற்படலம் உரிந்து, பார்வை மங்கும். உள்ளழற்சி ஏற்படுவதும் உண்டு. உடனே சுத்தமான நீரைத் தொடர்ந்து பதினைந்து இருபது நிமிடம் விட்டுக் கழுவி, தாமதிக்காமல் கண் மருத்துவரிடம் சென்றால் பெரும்பாலோருக்குப் பார்வை மீண்டுவிடுகிறது. நாளைக் கடத்தினால் தழும்பு நிலைத்துவிடக்கூடும். தாய்ப்பாலோ விளக்கெண்ணெயோ விடச் சொல்வார்கள், கேட்க வேண்டாம். வேலியைக் கவாத்துச் செய்யும்போது கண்ணாடியும் கையுறையும் அணியுங்கள், காற்றுக்கு எதிர்முகமாக நிற்காதீர்கள், வெட்டிய கிளைகளைக் கொளுத்தாதீர்கள். புகையும் கண்ணை உறுத்தும். மருவுக்கும் புற்றுக்கும் இந்தப் பாலை மருந்தாகச் சொல்லும் பதிவுகள் இணையத்தில் நிறைய உள்ளன. அவற்றை நம்பி நேராகப் பாலைத் தடவுவதும் அருந்துவதும் ஆபத்து. இதே எஸ்டர்கள் கட்டி வளர்வதைத் தூண்டுபவை என்று ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. கிழக்கு ஆப்பிரிக்கக் குழந்தைகளிடையே காணப்படும் பர்கிட் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயில் மலேரியாவோடு இந்தக் கள்ளிக்கும் ஒரு துணைப்பங்கு இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதியதற்கு, அந்நோயோடு தொடர்புள்ள எப்ஸ்டீன்-பார் வைரஸை இதன் பால் தூண்டுவது ஆய்வகத்தில் தெரியவந்ததே காரணம். வேலியோரம் நடப்பதால் நோய் வரும் என்று இதற்குப் பொருளில்லை.

பாலில் இவ்வளவு ஹைட்ரோகார்பன் இருப்பதால் அதை எரிபொருளாக்கும் ஆசையும் எழுந்தது. ஒளிச்சேர்க்கையின் வேதிவழியை விளக்கியதற்காக 1961-இல் நோபல் பரிசு பெற்ற மெல்வின் கால்வின், 1970-களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் இதையும் வேறொரு யூஃபோர்பியாவையும் ‘பெட்ரோல் பயிர்’ ஆக்கலாம் என்று முன்மொழிந்தார். அதற்கு முன்பே, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், தென்னாப்பிரிக்காவில் ரப்பருக்கு மாற்றாக முயன்றிருந்தார்கள். இரண்டுமே கட்டுப்படியாகவில்லை.

வேலியை அகற்றிவிடலாமா என்று கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். சிறு குழந்தைகள் விளையாடும் முற்றத்தை ஒட்டிய பகுதியை மட்டும் அகற்றுங்கள், மிச்சத்தை விட்டுவிடலாம். அகற்றும்போது வெட்டிய துண்டுகளை மண்ணில் கிடக்க விடாதீர்கள், ஈரம் கிடைத்தால் அவை வேர் பிடித்துக்கொள்ளும். வெட்டத் தொடங்கும் முன் தூரின் அடியைக் கிளறிப் பாருங்கள். கள்ளி நிழலில் முளைப்பதாலேயே பெயர்பெற்ற கள்ளிமுளையானும், குச்சிகளைப் பற்றி ஏறிய பிரண்டையும் கோவைக்கொடியும் அங்கே இருக்கலாம். ஆடு வாய்வைக்க அஞ்சும் இடம் என்பதால் தப்பிப் பிழைத்தவை அவை.